யாரும் எதுவும் கேட்காத எல்லை

ஜெயங்கொண்டம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சுவர்களில் இரண்டு வகை நோட்டீஸ்களைப் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். ஒன்று யாத்திரை நோட்டீஸ்: காசி, கயா, அயோத்தி, முக்திநாத், ரயிலில் போய்வர ஏற்பாடு, நம்மூர்ச் சாப்பாடு, சமையல்காரர் கூடவே வருவார். மற்றொன்று வேலை நோட்டீஸ்: சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, உடனடி விசா, தங்குமிடம் இலவசம், கீழே ஒரு செல்போன் எண். முதல் நோட்டீஸ் தாத்தா பாட்டிகளுக்கு, இரண்டாவது பேரன்களுக்கு. இரண்டுமே ஆளைக் கொண்டுபோய் ஏதோவொரு நாட்டின் எல்லையில் நிறுத்துகின்றன. அங்கே யார் என்ன கேட்பார்கள், கேட்காமல் விட்டால் ஏன் விட்டார்கள் என்பது மட்டும் எந்த நோட்டீஸிலும் இருக்காது.

நில எல்லை நமக்குப் பழக்கமில்லாத விஷயம். தமிழ்நாட்டுக்கு எந்த வெளிநாட்டோடும் நில எல்லை கிடையாது. அரியலூர், பெரம்பலூர்க்காரர்களுக்கு 'வெளிநாடு' என்பது திருச்சி விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவில் தொடங்கி, அந்தப் பக்கம் இன்னொரு கண்ணாடிக் கதவில் முடிகிறது. நம் தாத்தாக்கள் காலத்தில் போட் மெயில் இருந்தது. எழும்பூரில் கொழும்புக்கே டிக்கெட் எடுத்து, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறலாம். 1914-இல் தொடங்கிய அந்த வழி 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியோடு சேர்ந்து போனது. அந்த வழியிலும்கூட, தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலி ஆட்களை மண்டபம் முகாமில் நிறுத்தி நோய்ச் சோதனை செய்துதான் அனுப்பினார்கள். முதல் வகுப்புத் துரைமார்களுக்கு அந்தத் தொல்லை இருக்கவில்லை. எல்லையில் எல்லோரும் சமம் என்று எந்தக் காலத்திலும் யாரும் நினைத்ததில்லை.

யாத்திரைக்குப் போகிறவர்களிடமிருந்து தொடங்குகிறேன். ஏனென்றால் நம் பக்கத்துச் சாதாரண மனிதர் வாழ்க்கையில் முதன்முதலாக நடந்தே கடக்கும் நாட்டெல்லை, பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்தின் சோனௌலி. திருமங்கையாழ்வார் பாடிய திருச்சாளக்கிராமம் என்று வைணவர்கள் கொண்டாடும் முக்திநாத், நேபாளத்தில் 3,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. 108 திவ்யதேசக் கணக்கை முடிக்க நினைப்பவர்கள் கோரக்பூரில் ரயிலிறங்கி, மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய் சோனௌலியை அடைகிறார்கள். ஒரு கடைவீதி. லாரிகள் வரிசையாக நிற்கின்றன. சாலைக்குக் குறுக்கே இந்தியாவின் தோரண வாயில், சில அடிகள் தள்ளி நேபாளத்தின் தோரண வாயில். நடுவே சைக்கிள் ரிக்‌ஷாக்களும், மூட்டை தூக்குபவர்களும், பள்ளி விட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளைகளும். ஒரு போலீஸ்காரர் பையைத் தொட்டுப் பார்க்கலாம், பார்க்காமலும் விடலாம். வெள்ளைக்காரர்கள் மட்டும் சாலையோரம் உள்ள சின்ன அலுவலகத்தில் பாஸ்போர்ட்டோடு குனிந்து நிற்கிறார்கள். நம் ஆட்கள் பேச்சு சுவாரசியத்தில் நாட்டைக் கடந்துவிட்டு, "எல்லை எங்கே சார் வரும்?" என்று டூர் மேனேஜரிடம் கேட்கிறார்கள். கைக்கடிகாரத்தைக் கால் மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கச் சொல்லும்போதுதான் உறைக்கிறது.

இந்த எளிமை சும்மா வந்துவிடவில்லை. 1950 ஜூலை 31-இல் இந்தியாவும் நேபாளமும் கையெழுத்திட்ட உடன்படிக்கை அதன் அடிப்படை. இரு நாட்டவரும் மற்ற நாட்டில் விசா இல்லாமல் போகலாம், வரலாம், தங்கலாம், தொழில் செய்யலாம். இந்தியர் என்று காட்டப் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். நேபாளப் பணத்துக்கும் நம் பணத்துக்கும் 1.60-க்கு 1 என்று மாற்று விகிதம் 1993 முதல் நிலையாக நிற்கிறது. சொந்த வண்டியில் போனால் 'பன்சார்' எனப்படும் சுங்கத்தில் நாள் கணக்கில் பணம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். அங்கே யாரும் எதுவும் கேட்காமல் விடுவதற்குப் பின்னால் இரண்டு அரசுகளின் கையெழுத்து இருக்கிறது.

அந்த நல்ல எல்லைக்கும் ஒரு விலை உண்டு என்பது 2025 செப்டம்பரில் தெரிந்தது. காத்மாண்டுவில் இளைஞர் போராட்டம் வெடித்து, நாடாளுமன்றக் கட்டடம் எரிந்து, பிரதமர் பதவி விலகிய அந்த வாரத்தில் இந்திய யாத்திரிகர்கள் பலர் அங்கங்கே சிக்கிக்கொண்டார்கள். விமானத்தில் போனவர்களுக்காவது பயணிகள் பட்டியல் உண்டு. சோனௌலியில் நடந்து கடந்தவர்களுக்கு எந்த ஏட்டிலும் பெயர் இல்லை. ஆந்திர அரசு கட்டுப்பாட்டு அறை திறந்து, தொலைபேசியில் பேசிப் பேசியே பட்டியல் தயாரித்துத் தன் மாநிலத்தவரை அழைத்துவந்தது. கேள்வி கேட்காத எல்லை நம்மைப் பதிவு செய்வதும் இல்லை. ஊர் அமைதியாக இருக்கும்வரை அது சுகம்.

யாரும் எதுவும் கேட்காமல் எல்லை கடந்ததில் நம்மூர்க்காரர்களுக்கு ஒரு பழைய பெருமை உண்டு. ஜெயங்கொண்டத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் கங்கைகொண்ட சோழபுரம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ராஜேந்திர சோழனின் படை தரை வழியாகவே வடக்கே போய்க் கங்கை நீரைக் கொண்டுவந்ததையும், அந்த நீர் சோழகங்கம் ஏரியில் சேர்ந்ததையும் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. அந்த ஏரியைத்தான் இன்று பொன்னேரி என்கிறோம். 2025 ஜூலையில் ஆடித் திருவாதிரை விழாவுக்குப் பிரதமரே வந்து நினைவு நாணயம் வெளியிட்டார். விழா மேடையில் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லலாம்: யானைப் படையோடு வருகிறவனிடம் எந்தச் சாவடியிலும் சீட்டுக் கேட்பதில்லை. கையில் டிராவல் பேக்கோடு நிற்கிற அவனது ஊர்ப் பையனின் கதை வேறு.

அந்தப் பையன் சிங்கப்பூருக்குப் போய்விட்டான் என்று வைத்துக்கொள்வோம். கட்டுமானத் தொழிலிலோ கப்பல் பட்டறையிலோ ஒர்க் பெர்மிட் வேலை, டார்மிட்டரியில் படுக்கை. 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு அளித்திருப்பதால், ஞாயிற்றுக்கிழமை ஜோகூர் பாருவிலுள்ள கண்ணாடிக் கோயிலுக்குப் போய்வர அவனுக்கு ஆசை. குவீன் ஸ்ட்ரீட்டில் 170-ஆம் எண் பஸ் ஏறுகிறான். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பஸ் நின்றதும் பழகியவர்கள் எல்லாம் ஓடத் தொடங்குவார்கள். பையை சீட்டில் வைத்துவிட்டு இறங்கக் கூடாது. பஸ் நமக்காகக் காத்திருக்காது. குடிநுழைவு முடித்துக் கீழே இறங்கி, அதே எண்ணில் அடுத்து வரும் பஸ்ஸில் ஏறிக்கொள்ள வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான கடற்பாலம், இடப்பக்கமும் வலப்பக்கமும் நீரிணை. அந்தப் பக்கம் சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தில் மறுபடி இறங்கி, மறுபடி ஓட்டம், மறுபடி விரல்ரேகை. மலேசியாவுக்கு வரும் முன்பே இணையத்தில் வருகை அட்டை நிரப்பியிருக்க வேண்டும். மறந்தவர்கள் கவுன்ட்டருக்கு முன்னால் போனைத் தடவிக்கொண்டு நிற்பதை எந்த நேரமும் காணலாம்.

இதே பாலத்தில் விடியுமுன்னே எதிர்த்திசையில் ஒரு வெள்ளம் வரும். ஜோகூரில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை செய்கிற மலேசியர்கள், அவர்களில் தமிழர்களும் கணிசம், மோட்டார் சைக்கிள்களில் நாலு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுவார்கள். நாளொன்றுக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் கடக்கிறார்கள். உலகிலேயே மிக நெரிசலான நில எல்லைகளில் ஒன்று. 1924-இல் பாலம் திறந்தபோது இரு கரையும் ஒரே வெள்ளைக்கார ஆட்சி. 1965-இல் சிங்கப்பூர் தனி நாடானது; 1967-இல் பாஸ்போர்ட் சோதனை வந்தது. அக்கா வீட்டுக்குப் போவது வெளிநாட்டுப் பயணமானது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பாலம் மூடப்பட்டு, முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 ஆனது. ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருந்த மனைவி மக்களை இரண்டு வருடம் போனில் பார்த்தவர்கள் ஏராளம்.

இவ்வளவு தொல்லைக்கும் நான் அந்தப் பாலத்தை நல்ல எல்லை என்றே சொல்வேன். அங்கே கடப்பவனுக்குப் பெயர் இருக்கிறது. எந்த நாள், எந்த நேரம், எந்த நாட்டிலிருந்து வெளியேறி எதில் நுழைந்தான் என்பது இரண்டு அரசுகளின் கணினியிலும் நிற்கிறது. முதலாளி சம்பளம் தராமல் ஏமாற்றினாலும், விபத்தில் அடிபட்டாலும், ஆளே காணாமல் போனாலும் வழக்கு அந்தப் பதிவிலிருந்துதான் தொடங்கும். ஓரிடத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஒருமுறை நுழைவுக்கான விசாவில் வந்தவர் விளையாட்டாகப் பாலத்தைத் தாண்டினால் திரும்பி உள்ளே வர முடியாது. "டூரிஸ்டா போ, ஜோகூருக்கு ஒரு எட்டு போயிட்டுத் திரும்பினா இன்னும் ஒரு மாசம் கிடைக்கும், அதுக்குள்ள வேலை பார்த்துக்கலாம்" என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் உண்டு. கவுன்ட்டரில் இருப்பவருக்கு அந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். சந்தேகம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்.

கதவை மூடினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் மணிப்பூரின் மோரேயைப் பார்க்க வேண்டும். இம்பாலிலிருந்து 110 கிலோமீட்டர் தூரத்தில், மியான்மரின் தமு நகரத்துக்கு எதிரே உள்ள அந்த ஊரில் அங்காளபரமேஸ்வரி கோயில் இருக்கிறது, தமிழ்ச் சங்கம் இருக்கிறது, இட்லிக் கடை இருக்கிறது. 1962-இல் நெ வின் ஆட்சியைப் பிடித்து, 1964-இல் கடைகளையும் வணிகத்தையும் அரசுடைமையாக்கி, 50, 100 சாட் நோட்டுகளையும் செல்லாது என்றபோது, ஏறக்குறைய மூன்று லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வந்தார்கள். அவர்களில் தமிழர்கள் பெருந்தொகை. கப்பலில் சென்னைக்கு வந்தார்கள். சென்னையில் பர்மா பஜாரும் அத்தோவும் அவர்கள் வழியாக வந்தவை. முகாம் வாழ்க்கை பிடிக்காத சிலர், பிறந்து வளர்ந்த ஊருக்கே திரும்பிவிடலாம் என்று இம்பால் வழியாகத் தரை மார்க்கமாகப் போனார்கள். பர்மியப் படை எல்லையில் தடுத்தது. திரும்பிவரவும் மனமில்லை, ஊருக்குப் போகவும் வழியில்லை. நின்ற இடத்திலேயே குடிசை போட்டார்கள். அவர்களுக்குமுன், 1942-இல் ஜப்பானியக் குண்டுவீச்சுக்குத் தப்பி லட்சக்கணக்கானோர் நடந்து வந்த பாதைகளில் ஒன்றும் இதே தமு வழிதான்.

மோரேத் தமிழர்கள் பிழைத்தது எல்லையால்தான். 1995 ஏப்ரலில் முறைப்படி எல்லை வணிகம் தொடங்கியது. காலையில் வாயிலில் சீட்டு வாங்கிக்கொண்டு நாம்பலோங் சந்தைக்குப் போய், மாலை வாயில் மூடுமுன் திரும்பிவிட வேண்டும். எல்லையின் இருபுறமும் 16 கிலோமீட்டர் வரை உள்ளவர்கள் விசா இல்லாமல் போய்வரும் ஏற்பாடும் இருந்தது. 2018 ஆகஸ்டில் பாஸ்போர்ட், விசாவோடு தரை வழியே பாங்காக்வரைகூடப் போகலாம் என்ற நிலை வந்தது. பைக்கில் போனவர்கள் யூடியூபில் படம் போட்டார்கள். இரண்டு வருடம்கூட நிலைக்கவில்லை. 2020-இல் கொரோனா, 2021 பிப்ரவரியில் மியான்மரில் ராணுவப் புரட்சி, 2023 மே மாதம் மணிப்பூர்க் கலவரம். அதில் தமிழர் வீடுகளும் எரிந்தன. 2024 பிப்ரவரியில், விசா இல்லாப் போக்குவரத்தை ரத்து செய்வதாக மத்திய அரசு அறிவித்தது. பிறகு 10 கிலோமீட்டர், அனுமதிச் சீட்டு என்று விதி மாறியது. இத்தனைக்கும் நடுவே 2022 ஜூலையில், மோரேயிலிருந்து தமுவுக்குப் போன இரண்டு தமிழ் இளைஞர்கள் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1,643 கிலோமீட்டர் எல்லையில் ஒரு வாயிலை மூடுவதால் ஆள் போவது நிற்பதில்லை. வாயிலில் உட்கார்ந்து பெயர் எழுதிக்கொள்பவர் எழுந்து போய்விடுகிறார், அதுதான் நடக்கிறது.

பெயர் எழுதப்படாமல் எல்லை கடந்த தமிழர்களுக்கு என்ன ஆகும் என்பதற்குச் சரித்திரத்தில் ஒரு கொடூரமான சாட்சி உண்டு. 1942-43-இல் ஜப்பான் ராணுவம் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்க் கூலிகளைக் குடும்பம் குடும்பமாகச் சரக்கு வண்டிகளில் ஏற்றி, எல்லை தாண்டிக் கொண்டுபோனார்கள். எந்தச் சாவடியிலும் யாரும் அவர்களை எதுவும் கேட்கவில்லை. காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களை இருந்த இடத்திலேயே புதைத்தார்கள். அதே பாதையில் செத்த ஆங்கிலேய, ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வெட்டிச் செதுக்கினாற்போன்ற கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறை, அவற்றில் பெரும்பாலானவற்றின் மீது பெயரும் படைப்பிரிவும் வயதும். ஆசியத் தொழிலாளர் சாவு 90 ஆயிரம் வரை போகும் என்று மதிப்பிடுபவர்கள் உண்டு. அதில் தமிழர் எத்தனை பேர் என்பதற்கு உறுதியான கணக்கே கிடையாது. போர்க்கைதி ராணுவப் பதிவேட்டில் இருந்தான். கூலி எதிலும் இல்லை.

இவ்வளவையும் சொன்னது தாய்லாந்தின் மே சோட் நகரத்துக்கு வருவதற்காக.

பாங்காக்கிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 500 கிலோமீட்டர், காரில் ஏழெட்டு மணி நேரம். ஊரை ஒட்டி மோய் என்று ஒரு சின்ன ஆறு ஓடுகிறது. கோடையில் நம் கொள்ளிடம் போலத்தான். சில இடங்களில் இறங்கியே கடந்துவிடலாம். அக்கரை மியான்மரின் மியாவாடி. முறையாகப் போக நட்புப் பாலங்கள் உள்ளன, இருபுறமும் சாவடிகளும் உள்ளன. ஆனால் 2022 முதல் இந்தியப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வரும் இளைஞர்கள் அந்தப் பாலத்தில் போனவர்கள் அல்ல. 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்', 'டேட்டா என்ட்ரி' வேலை பாங்காக்கில் என்றார்கள். டூரிஸ்டாகத் தாய்லாந்துக்கு விமானம். வெளியே கார் காத்திருக்கும். இரவெல்லாம் பயணம், விடியற்காலையில் ஒரு படகு, அல்லது முழங்கால் தண்ணீர். யாரும் எதுவும் கேட்பதில்லை. அக்கரையில் துப்பாக்கியோடு ஆட்கள், உயர்ந்த மதில், உள்ளே வரிசை வரிசையாகக் கணினிகள். போலிப் பெண் பெயரில் சமூக ஊடகக் கணக்கு, காதல் பேச்சு, கிரிப்டோ முதலீட்டு ஆசை. உலகம் முழுவதும் உள்ள ஏமாளிகளின் பணத்தைக் கறக்க வேண்டும். இலக்கு எட்டாவிட்டால் அடி, மின்சார அதிர்ச்சி. வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் லட்சக்கணக்கில் பணம்.

அப்படிச் சிக்கியவனின் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தால் அவன் கதி புரியும். ஒரு பக்கத்தில் தாய்லாந்து நுழைவு முத்திரை. வெளியேறிய முத்திரை இல்லை. மியான்மர் முத்திரை இல்லவே இல்லை. தாய்லாந்தின் கணக்கில் அவன் இன்னும் தாய்லாந்தில்தான் இருக்கிறான். அனுமதித்த நாள் முடிந்தால் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000 பாட் அபராதம் ஏறிக்கொண்டிருக்கும். மியான்மரின் கணக்கில் அப்படி ஒரு ஆளே வரவில்லை. பிடிபட்டால் சட்டவிரோதமாக நுழைந்தவன். யாங்கூனிலுள்ள நம் தூதரகம் ஆயுதக் குழுக்களின் பிடியில் உள்ள அந்தப் பகுதியில் நேரடியாக எதுவும் செய்ய முடியாது. தப்பி ஆற்றைத் தாண்டி வந்தவர்களில் சிலரைத் தாய்லாந்து போலீஸும் பிடித்து வைத்தது. உதவி தேடி வந்தவன் குற்றவாளியாக நிற்க நேர்வதற்குக் காரணம், ஒரு விடியற்காலையில் அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதுதான்.

2022 செப்டம்பரில் முதல்வர் மு.க.ஸ்டாலின், மியாவாடியில் 50 தமிழர்கள் உட்பட 300 இந்தியர்கள் சிக்கியிருப்பதாகப் பிரதமருக்கு எழுதினார். வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை அறிவிப்பு வெளியிட்டது. அக்டோபர் தொடக்கத்தில் 13 தமிழர்கள் சென்னை வந்து சேர்ந்தார்கள். எச்சரிக்கை வந்துவிட்டதே, இனி யார் போவார்கள் என்று நினைத்திருக்கலாம். 2025 தொடக்கத்தில் ஒரு சீன நடிகர் கடத்தப்பட்டு, விஷயம் சர்வதேசப் பிரச்சினையாகி, தாய்லாந்து மின்சாரத்தையும் இணையத்தையும் துண்டித்த பிறகு முகாம்கள் ஆயிரக்கணக்கானோரை வெளியே விட்டன. மார்ச் 10, 11 தேதிகளில் இந்திய விமானப்படை மே சோட்டிலிருந்து அழைத்துவந்தவர்கள் மட்டும் 549 பேர். அதே ஆண்டு நவம்பரில் விமானப்படை விமானங்கள் மறுபடியும் போக வேண்டியிருந்தது. எச்சரிக்கைக்கு மூன்று வருடத்துக்குப் பின்னும்!

ஏன் எச்சரிக்கை எட்டவில்லை? நம் குடியேற்றச் சட்டத்தின் அமைப்பிலேயே ஒரு கோணல் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாத தொழிலாளி 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமென்றால் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். தாய்லாந்தும் மலேசியாவும் அந்த 18-இல் உண்டு. பத்தாம் வகுப்பு தேறிவிட்டால் 'ஈசிஎன்ஆர்'; அனுமதி வேண்டியதில்லை. படித்தவன் தன்னைப் பார்த்துக்கொள்வான் என்பது 1983-இன் நம்பிக்கை. அன்றைக்கு ஏமாற்றப்பட்டவர்கள் கொத்தனாரும் வீட்டு வேலைக்காரியும். இன்று மியாவாடிக்காரனுக்குத் தேவை ஆங்கிலம் தட்டச்சு செய்யத் தெரிந்த, கணினி பழகிய, பொறியியலோ டிப்ளமோவோ முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருக்கும் பையன். சட்டம் கண்காணிக்காத ஆளைத்தான் அவன் தேடுகிறான். டூரிஸ்ட் விசாவில் போகிறவரை எப்படியும் அந்தச் சட்டம் பார்ப்பதில்லை. பழைய சட்டத்துக்கு மாற்றாக ஒரு புதிய மசோதாவின் வரைவை 2025 அக்டோபரில் மத்திய அரசு கருத்துக்கு வைத்தது. எதிர்கால மசோதா எப்படியும் இருக்கட்டும்; இப்போது பையன்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு, விமான நிலையத்தில் இன்னும் கெடுபிடி காட்ட வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏற்கெனவே ஆங்கிலம் தடுமாறுகிற, மலிவுச் சட்டை போட்ட நம் பையன்களைத்தான் கவுன்ட்டரில் ஓரம் கட்டி நிறுத்துகிறார்கள். முறையான டூரிஸ்ட்டையும் சந்தேகப்பட்டு இறக்கிவிடும் அதிகாரம் கூடினால், நஷ்டம் மறுபடி அவர்களுக்கே. மேலும், ஏஜென்ட் சொல்லிக்கொடுத்த பதிலை ஒப்பிக்கும் பையனைத் திருச்சியில் பிடித்து நிறுத்துவது கடினம். அவன் அந்த நேரத்தில் ஏஜென்ட்டைத்தான் நம்புவான், அதிகாரியை நம்ப மாட்டான். கேள்வி அதற்கு முன்பே, வீட்டில் நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் நாளில் எழ வேண்டும்.

முந்திரிக் காட்டையும் மானாவாரி நிலத்தையும் வைத்துக்கொண்டு, பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்துக்கிடந்த இந்தப் பக்கத்து மக்களிடம் "வெளிநாட்டு வேலைக்கே போகாதே" என்று சொல்ல யாருக்கும் அருகதை கிடையாது. போகட்டும். போகும்போது மூன்றே விஷயம் தெரிந்திருக்கட்டும். வேலைக்குப் போகிறவனுக்கு வேலை விசா வேண்டும். ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். விமானம் இறங்கிய ஊரிலிருந்து காரில் இன்னொரு எல்லைக்குப் போக வேண்டும் என்று யாராவது சொன்னால், எந்தச் சாவடி வழியாக, எந்த நாட்டு முத்திரையோடு என்று கேட்க வேண்டும். பதில் மழுப்பினால் விமான நிலையத்தை விட்டே வெளியே வரக் கூடாது.

தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலனுக்குத் தனித் துறை இருக்கிறது, நல வாரியம் இருக்கிறது, ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் தினமாக ஆண்டுதோறும் சென்னையில் கொண்டாடவும் செய்கிறோம். அந்த விழாவுக்கு வருகிறவர்கள் பாலத்தை நல்லபடியாகக் கடந்தவர்கள். ஆற்றைக் கடக்கப்போகிறவன் ஜெயங்கொண்டத்திலும் செந்துறையிலும் குன்னத்திலும் உட்கார்ந்திருக்கிறான். அவனும் அவன் அப்பாவும் ஏற்கெனவே போய்ப் பழகிய இடம் ஒன்று உண்டு: திங்கள்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம். பட்டாவுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் மனு வாங்குகிற அதே கூடத்தில், வெளிநாட்டு வேலைக் கடிதத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு மேசை போடலாம். ஒரு கணினி, இணையம், இ-மைகிரேட் தளத்தைத் திறந்து ஏஜென்ட்டின் பதிவு எண்ணைச் சரிபார்க்கத் தெரிந்த ஒரு ஊழியர் போதும். இதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம், டெல்லியின் அனுமதியும் வேண்டாம். அடுத்த திங்கள்கிழமையே தொடங்கலாம்.